சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம்: உணவுக் கோளாறு உள்ள பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இசையும் அதிர்வும், பெங்களூர் வீடுகளுக்கான முழு வழிகாட்டி

அனோரெக்ஸியா (எடை கூடும் பயத்தில் பட்டினி கிடப்பது), புலிமியா (அளவுக்கு மீறிச் சாப்பிட்டு, வாந்தி போன்ற வழிகளில் ஈடுகட்டுவது) போன்ற உணவுக் கோளாறு வந்த பிள்ளைக்கு முதல் மருந்து சாப்பாடு. வேளாவேளைக்கு, போதுமான அளவில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சாப்பிட வேண்டும். பதின்வயதினருக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் குடும்ப சிகிச்சை முறையும் இதையே மையமாக வைத்திருக்கிறது. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை அது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்ற பொறுப்பு கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் கைக்கு வந்துவிடும்.

இதில் இசைக்கு ஒரு குறிப்பிட்ட வேலை உண்டு. தட்டைப் பார்த்ததும் வரும் பயத்தையும், சாப்பிட்டு முடித்தபின் வரும் தவிப்பையும் தாங்கிக்கொள்ள உதவுவது. இரண்டாவதுதான் முக்கியம். சாப்பிட்ட பிறகான ஒரு மணி நேரத்தில்தான் குற்ற உணர்ச்சி ஏறும், வாந்தி எடுக்கத் தோன்றும், மொட்டை மாடியில் நடந்து தீர்க்கத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் அனோரெக்ஸியா நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வும் இந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. உணவுக்குப் பிறகு இசை அமர்வில் இருந்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடத் தவிப்பு அதிகம் குறைந்தது. அதிர்வுக்கு, அதாவது தாழ்ந்த ஒலியை உடம்பால் உணர வைக்கும் முறைக்கு, இந்த நோயில் அந்த அளவு ஆதாரம் கிடையாது. தசை இறுக்கம், வலி, பதற்றம் ஆகியவற்றுக்குப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து கடன் வாங்கியது. ஆகவே நேரமும் பணமும் குறைவாக இருந்தால் இசையில் தொடங்குங்கள். அதிர்வு பிறகு வரட்டும்.

முதல் படி: மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும்

பிள்ளை ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பகலில், விழித்திருக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனாலோ, உடல் சூடு 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலோ, எழுந்து நின்றதும் துடிப்பு 20க்கு மேல் எகிறினாலோ, மேல் அழுத்தம் 20 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிள்ளை சாப்பிடவும் குடிக்கவும் ஒரேயடியாக மறுத்தாலும் அப்படித்தான். பாட்டெல்லாம் பிறகு. குறைந்த துடிப்பைப் பார்த்து, "பேட்மிண்டன் ஆடுற பொண்ணு, அதான் ஹார்ட் ரேட் கம்மி" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. எடை குறைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தச் சமாதானம் ஆபத்து.

ஈசிஜியோடு ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்குப் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். நாள்கணக்கில் பட்டினி கிடந்த பிள்ளைக்கு மறுபடி உணவு தொடங்கும் முதல் சில நாட்களில் பாஸ்பேட் சரியலாம். அதனால்தான் மிகவும் மெலிந்த பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென்று ஊட்டத் தொடங்கக் கூடாது.

ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸில் குழந்தைகள், பதின்வயதினர் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன உடல் அறிகுறிகள் இருந்தால், குழந்தை மருத்துவமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள பொது மருத்துவமனைக்கு முதலில் போங்கள்; கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் அப்படிப்பட்டது. நடு ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று புரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலும் பேசலாம்.

இரண்டாம் படி: இசை சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை

போர்டைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். உணவுக் கோளாறு உள்ள பதின்வயதினரோடு வேலை செய்திருக்கிறாரா? பிள்ளையின் மனநல மருத்துவரோடும் டயட்டீஷியனோடும் பேசத் தயாரா? எந்த நிலையில் அமர்வை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவார்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறுபவரிடம் போக வேண்டாம். "இந்த ராகம் பசியைத் தூண்டும், அந்த ராகம் ஜீரணத்துக்கு நல்லது" என்று பட்டியல் நீட்டுபவரிடமும் வேண்டாம். அந்தப் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றட்டும். பதினாறு வயதுப் பிள்ளை மனம் ஒட்டிக் கேட்கும் ஒரு சினிமா மெலடி செய்யும் வேலையை, பிடிக்காத ராகம் எதுவும் செய்யாது.

மூன்றாம் படி: பாட்டுப் பட்டியல்

அழுதுகொண்டோ கோபத்தோடோ இருக்கும் பிள்ளைக்குத் தாலாட்டு போட்டால் எரிச்சல்தான் வரும். முதலில் மனநிலைக்கு இணையான இசை, பிறகு படிப்படியாக அமைதி. 1940களிலிருந்தே இசை சிகிச்சையில் இருக்கும் கொள்கை இது. நடைமுறையில் ஆறு பாட்டு, மொத்தம் இருபத்தைந்து நிமிடம் போதும். முதல் இரண்டு, அந்த நேரத்துத் தவிப்புக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில், நிமிடத்துக்கு 100 தட்டு வாக்கில். அடுத்த இரண்டு 80 வாக்கில். கடைசி இரண்டு 60 முதல் 70க்குள், முடிந்தால் வரிகள் இல்லாமல், புல்லாங்குழலோ வீணையோ. வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி தாளம் தட்டி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

தேர்வு பிள்ளையுடையது. நீங்கள் இரண்டு விஷயத்தில் மட்டும் தலையிடலாம். இடுப்பையும் ஒல்லி உடம்பையும் வர்ணிக்கும் வரிகள் வேண்டாம்; சினிமாப் பாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை என்பதால் வரிகளை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். இரண்டாவது, பிள்ளை உடற்பயிற்சிக்கு ஓடவிட்ட பாட்டுகள். அந்தக் குத்துப்பாட்டு தொடங்கியதும் கால் தானாக ஆடும், உட்கார்ந்தபடியே தொடையை இறுக்கும். அந்த இசைக்கும் 'எரித்துத் தீர்க்கிற' வேகத்துக்கும் மனதில் முடிச்சு விழுந்துவிட்டது. குணமாகும்வரை அதை ஒதுக்கி வைப்பது நல்லது.

கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளையா? வகுப்பில் பாடம் நடக்கும் கீர்த்தனையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உணவுக் கோளாறு வரும் பிள்ளைகளில் பலர் எதையும் பிசகில்லாமல் செய்யத் துடிப்பவர்கள். பாடமாக வந்த பாட்டு ஓடினால் காது தப்பைத்தான் தேடும்.

நான்காம் படி: சாப்பாட்டைச் சுற்றி

மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று டயட்டீஷியன் அட்டவணை தந்திருப்பார். எல்லாவற்றுக்கும் இசை வைக்க முடியாது, தேவையும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் சண்டை நடப்பது ராத்திரிச் சாப்பாட்டில். டியூஷன் முடிந்து, டிராஃபிக்கில் ஊர்ந்து, எட்டரைக்கு வீடு வந்து சேரும் பிள்ளை களைத்திருக்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரே ஒரு பாட்டு, சமையலறைக்கு வெளியே. அது முடிந்ததும் மேசைக்கு வந்துவிட வேண்டும். பாட்டை நீட்டச் சொன்னால் நீட்டாதீர்கள். நீட்டினால் அது சாப்பாட்டைத் தள்ளிப்போடும் வழியாக மாறும்.

சாப்பிடும்போது பின்னணியில் வரிகளற்ற இசை, பேச்சை மறைக்காத அளவில். காதில் மாட்டும் இயர்போன் கூடாது. இயர்போன் மாட்டிய பிள்ளை மேசையில் இருக்கிறது, ஆனால் உங்களோடு இல்லை. உணவு முடிக்கும் நேரம் முப்பது நிமிடம் என்று சிகிச்சைக் குழு சொல்லியிருந்தால், முப்பது நிமிடத் தொகுப்பு ஒன்றை ஓடவிடலாம். கடிகாரத்தைக் காட்டிக் கத்துவதைவிட இசை முடிவது மென்மையான நினைவூட்டல்.

சாப்பிட்டு முடித்ததும்தான் பெரிய வேலை. குறைந்தது ஒரு மணி நேரம் பிள்ளை உங்கள் கண் முன்னால், கழிப்பறைக் கதவு தாண்டாமல். கழிப்பறைக்குப் போக வேண்டியதைச் சாப்பிடும் முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் அந்த ஆறு பாட்டு. அடுத்த பதினைந்து நிமிடம் கைக்கும் வாய்க்கும் வேலை: ஆதி தாளம் போட்டுக்கொண்டு கொன்னக்கோல். தகதிமி, தகிட என்று மெதுவாக, எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்தும் மூன்றும் மாற்றி அமைத்துப் பார்க்கலாம். கையில் கணக்கு, வாயில் சொல் என்று இரண்டும் ஓடும்போது, "எவ்வளவு சாப்பிட்டேன்" என்ற கணக்கு மனதில் ஓட இடம் குறையும். தாளம் பிசகினால் சிரித்துவிட்டுத் தொடருங்கள். மிச்ச நேரம் கேரமோ, வீட்டுப்பாடமோ, டிவியோ.

அந்த நேரத்தில் என்ன சொல்வது? "கண்ணு, வயிறு கனமா இருக்கும், தெரியுது. அம்மா இங்கதான் இருக்கேன். அடுத்த பாட்டு நீ போடு." இவ்வளவு போதும். "பாரு, இன்னிக்கு எவ்ளோ நல்லா சாப்பிட்டே!" என்பது பாராட்டுதான், ஆனால் பிள்ளை காதில் 'குண்டாகிவிட்டாய்' என்று விழும். "முகம் தெளிஞ்சுடுச்சு" என்பதும் அப்படியே. சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பாட்டி வந்திருந்தால் முன்கூட்டியே தனியாகச் சொல்லி வையுங்கள், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று. பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். பெரும்பாலான பாட்டிகளுக்கு அந்த வேலை பிடிக்கும்.

ஐந்தாம் படி: முணுமுணுப்பு

வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று நீட்டும் ஹம்மிங்தான் செலவில்லாத அதிர்வு. வெளிமூச்சு தானாக நீளும், நெஞ்சுக்கூடு லேசாக நடுங்குவது உள்ளங்கைக்குத் தெரியும். கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்தால் நெஞ்சிலும், மேலே போனால் மூக்கு, நெற்றிப் பக்கமும் உணரலாம். இந்த நோயில் பசி, நிறைவு, களைப்பு போன்ற உள் உணர்வுகளைப் படிக்கும் திறன் மங்கியிருக்கும். 'இப்போது எங்கே அதிர்கிறது?' என்ற எளிய கேள்வி, பயமுறுத்தாத ஓர் இடத்தில் அந்தத் திறனைப் பழக்குகிறது.

ஐந்து முறை ஹம்மிங், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து. அவ்வளவுதான் ஓர் அமர்வு. மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் பிராணாயாமம் வேண்டாம்; ரத்த அழுத்தம் குறைந்த பிள்ளைக்குத் தலை சுற்றும். வயிற்றை வேகமாக உள்ளிழுத்துத் தள்ளும் கபாலபாதி கூடவே கூடாது. அது 'வயிறு குறையும்' என்று விளம்பரமானது, அதற்காகவே பிள்ளை ஆர்வம் காட்டும். வாந்தி எடுத்த பழக்கத்தால் தொண்டை புண்ணாகிக் குரல் கரகரத்திருந்தால் உரக்கப் பாட வைக்காமல் ஹம்மிங்கோடு நிறுத்துங்கள்.

ஆறாம் படி: அதிர்வு

1980களில் நார்வேயில் ஓலாவ் ஸ்கில்லே உருவாக்கியதே ஒலி அதிர்வு சிகிச்சை. சுமார் 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலியை நாற்காலி அல்லது மெத்தை வழியாக உடலுக்குள் செலுத்துவது. 40 ஹெர்ட்ஸ் அதிகம் பயன்படுவது. ஜிம்மில் ஏறி நிற்கும் அதிர்வு மேடையும், இடுப்பில் கட்டும் 'ஸ்லிம்மிங்' பெல்ட்டும் வேறு சாதனங்கள். அவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவர், பேஸ்மேக்கர் வைத்தவர், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர், ரத்தக்கசிவோ கடும் வீக்கமோ இருப்பவர், கர்ப்பிணி, தீவிர மனச்சிதைவில் இருப்பவர் ஆகியோருக்கு இது கூடாது. வலிப்பு வந்தவர் என்றால் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். அனோரெக்ஸியாவில் முதல் காரணமே பலருக்குப் பொருந்தும். அதனால் எடை ஏறி அழுத்தம் சீராகும்வரை முழு உடல் மெத்தை வேண்டாம். கையும் பாதமும் மட்டும்.

கைக்கு ஒரு நல்ல தம்புரா போதும். பெண் குரலுக்கு 5 கட்டை சுருதி என்றால் நடு ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தி அதில் பாதி, 98. ஆண் குரலின் 1 கட்டைத் தம்புராவில் அதே தந்தி 65 வாக்கில் ஒலிக்கும். ஆக, ஸ்கில்லே தேர்ந்தெடுத்த எல்லைக்குள்தான் நம் வீட்டுத் தம்புராவும் நிற்கிறது. பெரியவர் மீட்ட, பிள்ளை குடத்தின் முதுகில் உள்ளங்கையை வைக்கட்டும். பலா மரம் அதிர்வதைக் கை எலும்பு வரை உணரலாம். எலெக்ட்ரானிக் தம்புராவும் செல்போன் ஆப்பும் இந்த இடத்தில் உதவாது. சின்ன ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. சுருதி காதுக்குக் கேட்கும், கைக்கு வராது.

மிருதங்கம் இருந்தால் தொப்பிப் பக்கம் இன்னும் நல்லது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பி நடுவில் அப்பினால்தான் அந்த 'தொம்' வரும். சில உணவுகளின் பிசுபிசுப்பையே தாங்காமல் ஒதுக்கும் வகைப் பிள்ளைகளுக்கு, அந்த ரவையை உருட்டி அப்பும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சாப்பிட வேண்டிய கட்டாயமில்லாமல் மாவைத் தொடும் சந்தர்ப்பம் அது. கடத்தை மட்டும் தவிர்க்கலாம். வித்வான்கள் அதன் வாயை வயிற்றோடு அணைத்து வாசிப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வயிறுதான் அதிகம் பயப்படும் இடம்.

பாதத்துக்கு ஒரு பலகை செய்யலாம். 12 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டடிக்கு ஒன்றரை அடி. அடியில் நடுவில் டேக்டைல் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அதிர்வாக மாற்றும் கருவி), 25 முதல் 50 வாட். ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர். எல்லாம் எஸ்.பி. ரோட்டில் தேடலாம், 'பேஸ் ஷேக்கர்' என்று கேட்டால் சட்டென்று புரியும். 40 ஹெர்ட்ஸில் வேலை செய்யுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். நான்கு மூலையிலும் டிரான்ஸ்டியூசர் தரையைத் தொடாத உயரத்துக்குக் கெட்டி ரப்பர் கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு தளத்தில் இறங்கி, கீழ் ஃபிளாட்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவார். திருகுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். ஒரு திருகு தளர்ந்தாலும் 'கிர்ர்' என்ற கூடுதல் சத்தம் கிளம்பும். சிகிச்சை போய் எரிச்சல் மிஞ்சும்.

பிள்ளை நாற்காலியில் சாய்ந்து, சாக்ஸ் போட்ட பாதத்தைப் பலகையில் வைக்கட்டும். மெலிந்த உடம்புக்குக் குளிர் அதிகம், டிசம்பர் பெங்களூரில் கேட்கவே வேண்டாம். ஒரு போர்வை தயாராக இருக்கட்டும். முதுகெலும்பு நாற்காலியில் உறுத்தாமல் தலையணை. ஆம்ப்ளிஃபையரோடு இணைத்த செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப், 40 ஹெர்ட்ஸ், சைன் அலை. ஆம்ப்ளிஃபையரைப் பூஜ்யத்தில் வைத்து, பாதத்தில் லேசாகத் தெரியும்வரை ஏற்றி, அங்கேயே நிறுத்துங்கள். கூடவே மெதுவான இசை ஓடலாம். முதல் வாரம் ஐந்து நிமிடம், இரண்டாம் வாரம் பத்து, அதிகபட்சம் இருபது. சாப்பிட்ட உடனே செய்தால் சிலருக்குக் குமட்டும். நாற்பது நிமிடம் கழித்துச் செய்யுங்கள்.

முடிந்ததும் எழுப்பிவிடாதீர்கள். அதிர்வு தளர்த்தும்போது ரத்த அழுத்தமும் இறங்கலாம். இரண்டு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, பிறகு உங்கள் கையைப் பிடித்து நிற்கட்டும். தலை சுற்றல், படபடப்பு, உடம்பே தன்னுடையது இல்லாத மாதிரி ஒரு விலகல், இதில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கே சறுக்கும்

அதிகம் சறுக்குவது சடங்காக மாறும் இடத்தில். "அந்தப் பாட்டு இல்லேன்னா சாப்பிட மாட்டேன்" என்று ஒருநாள் வரும். அன்றைக்குக் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? வாரம் இரண்டு பாட்டாவது மாற்றுங்கள், வாரத்தில் ஒருநாள் இசையே இல்லாமல் சாப்பிடப் பழக்குங்கள். அந்த நாள் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும்.

இசை பேரம் ஆவது இன்னொன்று. "ரெண்டு இட்லி சாப்பிட்டா ஹெட்ஃபோன் தருவேன்" என்று தொடங்கினால் இசையும் சாப்பாட்டோடு சேர்ந்து போர்க்களத்துக்குப் போய்விடும். சாப்பாடு பாதியில் நின்ற நாளிலும் பிறகான இசை உண்டு. விட்டதை ஈடுகட்டச் சிகிச்சைக் குழு சொன்ன ஊட்டச்சத்து பானத்தை அதே நேரத்தில் கொடுங்கள்.

சத்தம் ஏறிக்கொண்டே போவதையும் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். தவிப்பை அடக்க வால்யூமை ஏற்றும் பிள்ளைக்குத் தேவைப்படுவது பக்கத்தில் ஆள்.

மன அமைதி கூடி, எடை மட்டும் நகராமல் இருப்பதுதான் மிக ஏமாற்றும் நிலை. வீட்டில் சண்டை ஓய்ந்துவிட்டதால் எல்லாரும் மூச்சு விடுவார்கள். மருத்துவர் சொன்ன வேகத்தில் எடை கூடாவிட்டால் இசை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். உணவுத் திட்டத்தை மாற்றியாக வேண்டும்.

ஏழாம் படி: குறிப்பேடும் குறைத்துக்கொள்வதும்

ஒரு சாதாரண நோட்டில் நாலே கட்டங்கள்: தேதி, சாப்பிட்டு முடித்தவுடன் தவிப்பு எவ்வளவு (0 முதல் 10), ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு, என்ன இசை. எண்ணைச் சொல்வது பிள்ளை, எழுதுவது நீங்கள். எடை, கலோரி, தட்டில் இருந்த அளவு எதுவும் இந்த நோட்டில் ஏறக் கூடாது. மூன்று வாரம் பார்த்தும் இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறையவில்லை என்றால் இசையை மாற்றுங்கள். மாற்றியும் அசையவில்லை என்றால் சிகிச்சையாளரிடம் நோட்டைக் காட்டுங்கள். பதற்றத்துக்குத் தனி சிகிச்சை தேவைப்படலாம்.

தவிப்பு எண் தொடர்ந்து 3க்குள் நின்று, எடையும் சீராகி, பிள்ளை தானே தட்டு போட்டுக்கொள்ளும் கட்டம் வந்தால் குறைக்கத் தொடங்கலாம். முதலில் அதிர்வுப் பலகையை வாரம் இரண்டு நாளாக்குங்கள், பிறகு எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்து சாப்பிடும்போது ஓடும் பின்னணி இசை. சாப்பிட்ட பிறகான ஆறு பாட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும். பி.யு. பரீட்சை மாதத்திலும், புதுக் கல்லூரி விடுதிக்குப் போகும் முதல் மாதத்திலும் எதையும் குறைக்காதீர்கள். விடுதிக்குப் போகிறது என்றால் தம்புராவும் பலகையும் வீட்டில் இருக்கட்டும். ஆறு பாட்டும் ஹம்மிங்கும் கூடப் போகும். முதல் சில வாரம் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வீடியோ காலில் வந்து உட்காருங்கள், பாட்டு அங்கே ஓடட்டும்.